எடைமேடையில் இன்னும் ஓடும் 1998

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு இரண்டு மணிக்கும் லாரி வரிசை கலையாது. பழைய இரும்பு ஏற்றி வந்த வண்டி எடைமேடையில் ஏறி நின்றதும், டிரைவர் இறங்கிப் போய் பக்கத்து அறை ஜன்னலில் சலானை நீட்டுவார். உள்ளே இருக்கும் தம்பி வண்டி எண்ணைத் தட்டுவார். இண்டிகேட்டரில் சிவப்பாக மின்னும் எடை ஒரு கேபிள் வழியாகக் கணினித் திரைக்கு வந்து சேரும். ஒரு பொத்தானை அழுத்தினால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென மூன்று படிகளில் சீட்டை அடித்துத் தள்ளும். சரக்கை இறக்கிவிட்டு வண்டி திரும்பும்போது இன்னொரு எடை. மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் நிகர எடை. உருக்காலைக்கும் இரும்பு வியாபாரிக்கும் நடுவே கைமாறும் பணம் முழுக்க அந்த ஓர் எண்ணில்தான் நிற்கிறது.

அந்த எண்ணைக் கணக்கிடும் மென்பொருளை எதில் எழுதினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எழுத்துக்கு வருமுன் அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் நான் கேட்பேன். கும்மிடிப்பூண்டியிலும், திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையிலும் நான் எட்டிப் பார்த்த எடைமேடை அறைகள் பலவற்றில் கிடைத்த பதில் ஒன்றுதான்: விஷுவல் பேசிக் 6. மைக்ரோசாஃப்ட் அதை 1998-ல் வெளியிட்டது. 2008 ஏப்ரல் 8-ம் தேதியோடு அந்தக் கருவிக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஆலையின் அலுவலகப் பக்கம் போனால் சம்பளப் பட்டியலும் ஸ்டோர்ஸ் இருப்பும் ஃபாக்ஸ்புரோவில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் கடைசிப் பதிப்பான விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 வந்தது 2004-ல். அடுத்த பதிப்பு கிடையாது என்று 2007 மார்ச்சில் அறிவித்தார்கள். 2015 ஜனவரி 13-ல் அதற்கான ஆதரவும் முடிந்தது.

ஆனால் வேலை முடியவில்லை. இரண்டாவது எடைமேடை போட்டிருக்கிறோம், அதையும் சேர்த்துக் கொடுங்கள். வண்டியின் படம் சீட்டில் விழ வேண்டும். எடை போட்டதும் முதலாளி போனுக்கு மெசேஜ் போக வேண்டும். இப்படி வரும் புது வேலைகளையும் அதே கருவியில்தான் எழுதிச் சேர்க்கிறார்கள். செய்தவர்களே கைவிட்ட கருவியின்மேல் இன்னும் எத்தனை மாடி கட்டுவது?

அதே 1998-ல் திருவள்ளூரில் இன்னொன்றும் தொடங்கியது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் காரைத் தயாரிக்க ஆரம்பித்தது அந்த ஆண்டுதான். லான்சர் நின்றுபோய்ப் பல வருடமாகிறது. அந்த ஆலையிலிருந்து இப்போது சிட்ரோயன் கார்கள் வெளிவருகின்றன. இன்னும் லான்சர் வைத்திருப்பவர் உதிரி பாகத்துக்கு அலைவார், புதுப்பேட்டையில் தேடுவார். ஆனாலும் பானெட்டைத் தூக்கிவிட்டால் உள்ளே இருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். கைதேர்ந்த மெக்கானிக் ஏதாவது ஒரு வழி செய்வார். மென்பொருளின் ஓடும் வடிவமான எக்ஸ்இ கோப்புக்கு பானெட் கிடையாது. மூல நிரலான சோர்ஸ் கோட் கையில் இல்லையென்றால் உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்பது எழுதியவருக்கு மட்டும்தான் வெளிச்சம். அவரும் பத்து வருடத்தில் மறந்திருப்பார்.

மின்சார ரயிலில் வந்த புரோகிராமர்கள்

இந்தக் கருவிகள் இங்கே வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் ஒரு சின்ன ஆலைக்கு மென்பொருள் என்றால் கடையில் வாங்கும் பொருளாக இல்லை. ஆள் வைத்து எழுதிக்கொள்வதுதான் வழக்கம். மத்திய கலால் வரி இருந்த காலம் அது. ஆர்ஜி-1 பதிவேட்டில் தினசரி உற்பத்தி, ஆர்ஜி-23ஏ-வில் கச்சாப் பொருளுக்குக் கட்டிய வரியின் வரவு என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதிவேடுகளை அச்சடித்துத் தரும் நிரலை ஃபாக்ஸ்புரோவில் ஒருவர் தனியாளாக ஒரே மாதத்தில் எழுதிவிட முடியும். டிபிஎஃப் என்ற கோப்பில் தகவல், பிஆர்ஜி என்ற கோப்பில் கட்டளை, அவ்வளவுதான். விஷுவல் பேசிக் இன்னும் ஒரு படி மேலே போனது. எம்எஸ்காம் என்ற சிறு கட்டுப்பாட்டைத் திரையில் இழுத்துப்போட்டு, போர்ட் எண்ணையும் வேகத்தையும் கொடுத்தால், இண்டிகேட்டர் அனுப்பும் எடை வந்து விழும். பொறியியல் பட்டம் இல்லாத, கணினி மையத்தில் ஆறு மாதம் படித்த பையனும் பெண்ணும் ஓர் எடைமேடையைக் கணினியோடு பேசவைத்தார்கள். இதை நான் சாதனை என்றே சொல்வேன். இவர்களைப் பற்றி எந்த ஐ.டி. வரலாற்றிலும் ஒரு வரி இருக்காது.

காலை ரயிலில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டியில் இறங்குவோம். பையில் பிளாப்பி, பின்னாளில் சிடி. மின்சாரம் போய்வந்தால் ஃபாக்ஸ்புரோ கோப்புகளின் இண்டெக்ஸ் கெட்டுவிடும். "சார், இண்டெக்ஸ் அடிச்சிருச்சு" என்று ஸ்டோர்ஸிலிருந்து போன் வந்தால், ரீஇண்டெக்ஸ் கட்டளையைப் போனிலேயே எழுத்துக்கூட்டிச் சொல்வோம். 1999-ல் ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்திருந்த நிரல்களையெல்லாம் நான்கு இலக்கத்துக்கு மாற்றியதும் இதே கூட்டம்தான்.

அந்த நாளில் நான் செய்த ஒரு தவறை இங்கே எழுத வேண்டும். ஒரு ரோலிங் மில்லுக்கு விஷுவல் பேசிக்கில் இன்வாய்ஸ் நிரல் எழுதினேன். கலால் வரி விகிதத்தைத் தனி அட்டவணையில் வைக்காமல் நிரலுக்குள்ளேயே எண்ணாக எழுதினேன். வேலை முடிந்ததும் எக்ஸ்இ கோப்பை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். சோர்ஸ் கோட் என் வீட்டுக் கணினியில் இருந்தது. சில மாதத்தில் அந்த ஹார்ட் டிஸ்க் போனது, அதோடு அதுவும் போனது. 2004 ஜூலையில் கலால் வரியின்மேல் 2 சதவிகிதம் கல்வி செஸ் வந்தது. இன்வாய்ஸில் புதிதாக ஒரே ஒரு வரி வேண்டும். என்னால் சேர்க்க முடியவில்லை. அந்த மில்லின் கணக்காளர் பல வாரம் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அந்த வரியைப் பேனாவால் எழுதினார். முழு நிரலையும் முதலிலிருந்து திரும்ப எழுதிக் கொடுத்தேன், காசு வாங்காமல். அப்போது விஷுவல் பேசிக்குக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு இருந்தது. ஆனால் அந்த மில்லைப் பொறுத்தவரை அந்த நிரல் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது.

அன்றிலிருந்து, கருவி நிறுத்தப்பட்டதா என்ற கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதல் கேள்வி, சோர்ஸ் கோட் யாரிடம் இருக்கிறது?

பழசும் கைவிடப்பட்டதும்

பழைய கருவியிலேயே தொடரலாமா என்ற விவாதம் வரும்போதெல்லாம் கோபால் (COBOL) என்ற பழைய நிரல் மொழியை உதாரணம் காட்டுவார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா நெருக்கடியில் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூஜெர்சி மாகாண ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அறுபது ஆண்டு கண்ட மொழி இன்னும் ஓடுகிறதே, நம்முடைய விபி6 ஓடாதா என்பது வாதம். இந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. கோபாலுக்கு இன்றும் ஐபிஎம் கம்பைலர் விற்கிறது, கோளாறு வந்தால் கேட்க ஆள் இருக்கிறார்கள். மொழியின் தரநிலையே 2023-ல் புதுப்பிக்கப்பட்டது. அது வயதானது, அவ்வளவுதான். விபி6-ன் கதை வேறு. அதைச் செய்தவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

சாத்தாதீர்கள் என்று கெஞ்சியவர்கள் உண்டு. 2005-ல், மைக்ரோசாஃப்டே சிறப்பு வல்லுநர்கள் என்று அங்கீகரித்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பழைய விஷுவல் பேசிக்கைத் தொடரும்படி கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். 2007-ல் ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் ஃபாக்ஸ்புரோ நிரலாளர்கள் இயக்கமே நடத்தினார்கள். இரண்டும் பலிக்கவில்லை. விபி.நெட்டுக்கு மாறிவிடுங்கள் என்றது மைக்ரோசாஃப்ட். பெயரில் உறவு இருந்தாலும், பழைய நிரலை அப்படியே கொண்டுபோக முடியாத வேறு மொழி அது. மாற்றித் தரும் உதவிக்கருவியையும் 2010 விஷுவல் ஸ்டுடியோவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சிரமப்பட்டு மாறியவர்களுக்கு 2020 மார்ச்சில் இன்னொரு செய்தி: விபி.நெட் மொழியை இனி வளர்க்கும் எண்ணம் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டு வீடு மாறியவருக்கு இரண்டாவது வீட்டிலும் நோட்டீஸ் வந்த கதை. மாறுங்கள் என்று யாராவது சொன்னதும் கும்மிடிப்பூண்டி முதலாளி முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். கருவிக்குத்தான் ஆதரவு இல்லை. அதில் எழுதிய நிரல் ஓடுவதற்கு வேண்டிய அடிப்படைக் கோப்புகளை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11 வரை தன்னோடு சேர்த்தே தருகிறது. அதனால் விபி6 எக்ஸ்இ நாளைக் காலையில் நின்றுவிடாது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவும் 64 பிட் விண்டோஸில் ஓடுகிறது. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ 2.6-தான் அங்கே நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-ன் வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு, டாஸ் நிரலை நம்பியிருக்கும் ஸ்டோர்ஸ்களுக்குத்தான் உடனடி அவசரம்.

எங்கே இடிக்கிறது?

அரசு ஒரு விதியை மாற்றும்போதெல்லாம் இந்த நிரல்களுக்குப் பரீட்சை. 2014 செப்டம்பரில் பி.எஃப். சம்பள உச்சவரம்பு 6,500-லிருந்து 15,000 ரூபாய் ஆனது. 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ. பங்கு தொழிலாளிக்கு 1.75-லிருந்து 0.75 சதவிகிதமாகவும், நிர்வாகத்துக்கு 4.75-லிருந்து 3.25 ஆகவும் குறைந்தது. விகிதத்தை அட்டவணையில் வைத்தவர் ஒரு நிமிடத்தில் மாற்றினார். நிரலுக்குள் எழுதியவர் சோர்ஸ் கோட்டைத் தேடினார். பி.எஃப். அலுவலகம் கேட்கும் இசிஆர் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, குறிகளால் பிரித்த வரிசைகள். ஃபாக்ஸ்புரோவுக்கு அது கைவந்த கலை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கலால் நிரல்கள் மொத்தமாகக் குப்பைக்குப் போயின. கணக்கு வேலையைப் பலரும் டேலிக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆனால் எடைமேடையும் சம்பளமும் பழைய இடத்திலேயே நின்றன.

பழைய இரும்பு வாங்கும் ஆலைகளுக்கு 2024 அக்டோபர் 10 முக்கியமான நாள். பதிவு பெறாத வியாபாரியிடம் ஸ்கிராப் வாங்கினால் ஜி.எஸ்.டி.யை வாங்குபவரே கட்ட வேண்டும். பதிவு பெற்றவரிடம் வாங்கினால் 2 சதவிகிதம் பிடித்துக் கட்ட வேண்டும். அதுவரை வண்டி எண், சரக்கு, எடை மட்டும் போதும் என்றிருந்த எடைச் சீட்டோடு, விற்பவர் எந்த வகை என்ற விவரமும் சேர வேண்டியதாயிற்று. திரையில் ஒரே ஒரு பெட்டி கூடுதல். சோர்ஸ் கோட் இருந்த இடத்தில் அரை நாள் வேலை. இல்லாத இடத்தில் வியாபாரியின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுச் சமாளிப்பதை நானே பார்த்தேன்.

மின்னணு இன்வாய்ஸ்தான் உண்மையான சுவர். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களையும் தொட்டுவிட்டது. ஒவ்வொரு இன்வாய்ஸும் அரசுத் தளத்துக்குப் போய், 64 எழுத்து கொண்ட அடையாள எண்ணோடும் கியூஆர் குறியோடும் திரும்பி வர வேண்டும். இதை இணையம் வழியே நேரடியாகச் செய்ய வேண்டுமானால் இன்றைய குறியாக்க முறைகள் தெரிந்திருக்க வேண்டும். 1998-ன் கருவிக்கு அவை தெரியாது. நடுவே புதிய மொழியில் எழுதிய சிறு நிரல் ஒன்றை நிறுத்த வேண்டும், அல்லது கோப்பாக எழுதிக் கையால் ஏற்ற வேண்டும். எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டி ஆந்திராவுக்குப் போகும் கம்பி லாரிக்கு இ-வே பில்லும் வேண்டும். கோப்பு ஏற்றும் தம்பி சாப்பிடப் போய்விட்டால் லாரி வாசலில் நிற்கும்.

இன்னொரு சுவர் கண்ணுக்குத் தெரியாதது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனியாகப் பதிவானவர்கள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருள், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடத்தைப் பதிய வேண்டும். அந்தத் தடத்தை நிறுத்திவைக்கவும் முடியக் கூடாது. டிபிஎஃப் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து எண்ணை மாற்றி மூடிவிடலாம், சுவடே இருக்காது. ஆகவே கம்பெனிக் கணக்கை ஃபாக்ஸ்புரோவில் வைப்பது இனி முடியாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. எடைமேடையின் இரும்புத் தட்டுக்கு ஆண்டுக்கொரு முறை சரிபார்த்து முத்திரை வைக்கிறார்கள். அந்த எடையைப் பதியும் கோப்புக்கும் இப்படி ஒரு காவல் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதையும் நான் ஆதரிக்கவில்லை. இருபது வருடம் ஓடிய சம்பள நிரலுக்குள் அந்த ஆலையின் நினைவு இருக்கிறது. இ.எஸ்.ஐ. பங்கு பைசாவில் வந்தால் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றவேண்டும் என்பது சட்டத்தில் இருக்கும். இரவு ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டினால் எந்தத் தேதிக்கு வருகை, பர்னஸ் பழுதாகி நின்ற நாளுக்கு எப்படிச் சம்பளம், பொங்கல் முன்பணத்தை எத்தனை மாதத்தில் பிடிப்பது, இவையெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை. தொழிற்சங்கத்தோடு பேசி முடித்த ஒவ்வொரு உடன்பாடும் நிரலில் ஓர் இஃப் வரியாக உட்கார்ந்திருக்கிறது. புதிதாக எழுத வருபவர் அந்த வரியை விட்டுவிட்டால், சம்பள நாளன்று கேட்டில் கூட்டம் நிற்கும்.

என் முடிவு இது. புதிய மென்பொருள் எதையும் இனி விபி6-லோ ஃபாக்ஸ்புரோவிலோ தொடங்கக் கூடாது. அவற்றைக் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வரப்போவதில்லை, கற்பவருக்கு வேறு இடத்தில் வேலையும் கிடைக்காது. அப்படி ஒரு வேலைக்கு இருபத்தி இரண்டு வயதுப் பிள்ளையை அழைப்பது நியாயமில்லை. ஓடிக்கொண்டிருப்பதில், இண்டிகேட்டரிலிருந்து எடையை வாங்கும் பகுதியை இப்போதைக்கு விட்டுவைக்கலாம். அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து வைத்தால் போதும். வரி, இன்வாய்ஸ் என்று வெளியுலகத்தோடு பேசும் பகுதிகளை முதலில் மாற்ற வேண்டும். பழைய மொழியையே புரிந்துகொள்ளும் புதிய கருவிகளும் வந்திருக்கின்றன: விபி6 நிரலுக்கு ட்வின்பேசிக், ஃபாக்ஸ்புரோவுக்கு எக்ஸ்ஷார்ப். சிறிய நிரல் ஒன்றில் சோதித்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், சோர்ஸ் கோட்டை எழுதியவரிடமிருந்து உரிய பணம் கொடுத்து வாங்கி, ஆலைக்கு வெளியே ஒரு படியும் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. மேசைக்கடியில் இருக்கும் ஒரே கணினியை நம்பியிருப்பவர்கள் அந்தப் படங்களை நினைத்துக்கொள்ளட்டும்.

சம்பள நிரல்களுக்கு இன்னும் நாள் அதிகமில்லை. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமல் என்று ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. கூலி என்ற சொல்லின் வரையறையே மாறுகிறது. வரையறைக்கு வெளியே வைக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் கூலிக் கணக்கில் சேரும். ஒரு விகிதத்தை மாற்றிச் சமாளிக்கிற வேலை இல்லை இது, கணக்கின் அடித்தளமே அசைகிறது.

மாற்றும்போது செய்யவேண்டிய ஒன்று எனக்கு மிக முக்கியம். விபி6-ன் சாதாரண எழுத்துப்பெட்டிகளுக்கு யூனிகோட் தமிழ் காட்டத் தெரியாது. அதனால் 1999-ல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியீட்டு எழுத்துருக்களில் பெயர்களை ஏற்றினோம். 2010-ல் அரசு யூனிகோடுக்கு மாறிவிட்டது. பழைய கோப்பை இன்று எக்செல்லில் திறந்தால் முருகேசன் என்ற பெயர் புரியாத குறிகளாகச் சிதறிக் கிடக்கிறது. பல ஆலைகள் தமிழையே விட்டுவிட்டு ஆங்கிலத்தில் சம்பளச் சீட்டு அடிக்கின்றன. இன்று பர்னஸ் முன்னால் நிற்பவர்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். தன் சம்பளத்தில் எது பிடிக்கப்பட்டது என்பதைத் தன் மொழியில் படிக்க அந்த மனிதருக்கு உரிமை உண்டு. பழைய கருவி அதைத் தராது. புதியது எளிதாகத் தரும்.

போன மாதம், நான் இரண்டு முறை நிரல் எழுதிக் கொடுத்த அந்த மில்லுக்குப் போனேன். இரண்டாம் முறை சோர்ஸ் கோட்டை ஒரு சிடியில் போட்டுக் கணக்காளரிடம் கொடுத்திருந்தேன். பீரோவில் பத்திரமாக இருந்தது. படிக்கத்தான் அங்கே எந்தக் கணினியிலும் சிடி டிரைவ் இல்லை. வெளியே கொண்டுபோய்ப் பென் டிரைவில் ஏற்றி வந்தோம். சம்பள நிரலும் அதில் இருந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகப் படித்தோம். குறிப்பிட்ட ஒரு பிரிவுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு மணி நேரம் கூடுதலாகச் சேர்க்கும் ஒரு வரி வந்தது.

"இது எதுக்குண்ணா?" என்றார் தம்பி.

எனக்கு நினைவில்லை. ஓய்வு பெற்றுப் பொன்னேரியில் இருக்கும் பழைய டைம் ஆபீஸ் கிளார்க்கின் நம்பரைக் கணக்காளர் தேடி எடுத்தார். தம்பி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார், நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.